வலியில்லா மருத்துவமனையில் ஓர் இடுப்பு

டைல்ஸ்காரருக்கு இடுப்பு போன கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாழ்நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தார், போய்விட்டது. அந்த இடுப்பை ஒரு பெரிய மருத்துவமனை சரிசெய்த கதைதான் கொஞ்சம் நீளம்.

ஊரார் வீட்டுக் கூடங்களையும் கடைகளையும் கழிப்பறைகளையும் முட்டிபோட்டே கடந்து வந்தவர் அவர். ஒருநாள் ஒரு வங்கியின் வரவேற்பறையில் கடைசிக் கல்லைப் பதித்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டிவிட்டு எழுந்தார். பாதிதான் எழ முடிந்தது. மீதிப் பாதிக்கு மேஸ்திரி வந்து கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி. தும்மினால் உயிர் போய் உயிர் வரும். தும்மல் வருவதுபோல் இருந்தாலே மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொள்வாள்.

மேஸ்திரி ஈவிரக்கம் உள்ளவர். "கல் வெட்டுற மெஷின் பக்கத்துல நின்னு அளவு மட்டும் சொல்லு, குனிய வேணாம். உடம்பு சரியாகிற வரைக்கும்தான், சரியா?" என்று ஒரு நிற்கும் வேலையைக் கொடுத்தார். மாத்திரை, ஊசி, இடுப்பு பெல்ட், படுத்துக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சி என்று எல்லாம் ஆயின. வலி அசைந்து கொடுக்கவில்லை.

பெரிய மருத்துவமனையில் அவரை முதலில் பார்த்தவர் ஒரு சின்ன டாக்டர். வயதில் சின்னவர் என்பதால் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி டிஸ்க் இருக்குங்க. வெளியே கெட்டியான வளையம், உள்ளே கொழகொழன்னு இருக்கும். உங்களுக்கு அந்த வளையத்துல கீறல் விட்டிருக்கு. அங்கேருந்துதான் வலி."

"கத்தி வைக்கணுமா டாக்டர்?"

"வேணாம். ஊசி வழியா ஒரு மெல்லிய கம்பியை டிஸ்க்குக்குள்ள விட்டு, கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்துவோம். கீறல் இருக்கிற இடம் சுருங்கி இறுகும், வலி சொல்ற நரம்பு நுனிகள் கருகிடும். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா ஒண்ணு. சிலருக்கு நல்லாக் குறையும், சிலருக்குப் பாதி குறையும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. நீங்க எந்தக் கூட்டம்னு முன்னாடியே சொல்ல என்னால முடியாது."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அந்தக் கட்டடத்தில் 'முடியாது' என்ற சொல்லை ஒருவர் அவர்களிடம் மனமறிந்து சொன்னது அது ஒரு தடவைதான்.

அந்த மருத்துவமனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வலியில்லா மருத்துவமனை' என்ற விருதை அது அப்போதுதான் வாங்கியிருந்தது. வாசலில் ஆளுயரப் பலகை இருந்தது. வலியை ஒழித்தது மருந்தால் அல்ல, சுற்றறிக்கையால். வளாகத்துக்குள் யாரும் 'வலி' என்று சொல்லவோ எழுதவோ கூடாது, 'அசௌகரியம்' என்றே குறிப்பிட வேண்டும் என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டதும், மறுநாளே வலி ஒழிந்தது. வலி சிகிச்சைப் பிரிவு, சௌகரியப் பிரிவு ஆனது. பிரசவ வார்டு மட்டும் விலக்குக் கேட்டு மனுப் போட்டிருந்தது. அது பரிசீலனையில் இருந்தது.

சிகிச்சைக்குப் பதிவு செய்ய, நர்ஸ் கணினிமுன் உட்கார்ந்தாள்.

"பூஜ்ஜியத்துலேர்ந்து பத்துக்குள்ள, உங்க அசௌகரியம் எவ்வளவுங்க?"

"வலியைக் கேக்குறீங்களா? எட்டு இருக்கும்மா."

நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணுக்கு மேல இது எடுக்காதுங்க. எடுத்தாலும் சிவப்பு காட்டும். சிவப்பு காட்டினா டைரக்டர் ரூம்ல மணி அடிக்கும்."

"அப்ப மூணே போட்டுக்கங்க."

"மூணு போட்டா உங்களுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்காதே. ஏழுக்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் அது."

டைல்ஸ்காரருக்குத் தலை சுற்றியது. நர்ஸ் கெட்டவள் இல்லை. எழுந்து, "கொஞ்சம் என்கூட வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். நீண்ட தாழ்வாரம், படிகள், வாகனங்கள் நிற்கும் இடம், காவலாளி எல்லாம் தாண்டி வெளிவாசலுக்கு அப்பால் ஒரு பழவண்டி அருகே போய் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க."

"எட்டுன்னு சொன்னேனேம்மா. இவ்வளவு தூரம் நடந்ததுல ஒன்பதாயிடுச்சு."

ஒன்பது என்று எழுதிக்கொண்டாள். திரும்பவும் அதே தூரத்தை நடத்திக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"இப்ப எவ்வளவு?"

"அதேதான், ஒன்ப..."

"உள்ள வந்துட்டோமுங்க" என்று கெஞ்சினாள்.

அவருக்கு மெல்லப் புரிந்தது. "மூணு" என்றார்.

அந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் தர அதிகாரி இந்த எண்களைத் திரையில் போட்டுக் காட்டினார். தர அதிகாரி என்பவர் நோயாளிகளைத் தொடாமல் அவர்களைப் பற்றிய எண்களை மட்டும் கவனித்துக்கொள்ளும் அம்மையார். கட்டடத்துக்குள் காலடி வைத்ததுமே நோயாளிகளின் அசௌகரியம் ஆறு புள்ளி குறைந்துவிடுகிறது என்று அவர் நிரூபித்தார். நுழைவாயிலை அகலப்படுத்த ஒருமனதாக முடிவானது.

சூடேற்றும் கருவி புதியது. புதியது என்றால் திறப்புவிழா வேண்டும். திறப்புவிழா என்றால் முதல் நோயாளி வேண்டும். டைல்ஸ்காரர்தான் முதல் நோயாளி என்று முடிவானது. காலையிலேயே, முதுகுப் பக்கம் திறந்திருக்கும் பச்சை அங்கியை மாட்டி மேசைமேல் குப்புறப் படுக்க வைத்தார்கள். அறைக்கதவில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. நாடா கட்டியிருந்ததால் அதற்குள் யாரும் உள்ளே வரவும் முடியவில்லை, அவர் வெளியே போகவும் முடியவில்லை. ஒருமுறை சிறுநீர் முட்டுவதாகக் குரல் கொடுத்தார். நாடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இதோ வந்துக்கிட்டே இருக்காரு" என்று பதில் வந்தது.

விருந்தினர் வந்து நாடாவை வெட்டினார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கருவி வருவதற்கு முன்பும் நம் மருத்துவமனையில் அந்த இரண்டெழுத்துச் சொல் இருந்ததில்லை. வந்த பின்பும் இருக்கப் போவதில்லை. அப்படியானால் கருவி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் யார் யார் என்பது நமக்குத் தெரியும். இந்த நோயாளியைப் பாருங்கள். நம்மை நம்பி முதுகைக் காட்டியிருக்கிறார். ஒரு நிறுவனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?"

போட்டோக்காரர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சார், ஆளோட மூஞ்சி தெரியல."

"திருப்பிப் போடுங்க" என்றார் இயக்குநர்.

நாலு பேர் சேர்ந்து டைல்ஸ்காரரை மல்லாக்கப் புரட்டினார்கள். இடுப்பில் மின்னல் வெட்டியது. "பல்லு தெரியட்டும், பல்லு தெரியட்டும்" என்றார் போட்டோக்காரர். டைல்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் நன்றாகவே தெரிந்தது.

கூட்டம் கலைந்து, அவரை மறுபடி குப்புறப் போட்டு, சின்ன டாக்டர் வேலையைத் தொடங்கினார். மரத்துப்போகும் ஊசி போட்டார். எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து நீண்ட ஊசியை இறக்கினார். அதற்குள் கம்பி நுழைந்தது.

"தூங்க வைக்கலங்க. ஏன்னா சூடு ஏற ஏற உங்களுக்கு என்ன தெரியுதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். முதுகுல பழைய வலி மாதிரி வரும், பரவாயில்ல. கால்ல இழுத்தா, சுண்டினா மட்டும் உடனே சொல்லிடணும். நரம்பு விஷயம்."

அறை மூலையில் தர அதிகாரி எக்ஸ்ரே படாமலிருக்க ஈயக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் இயக்குநர். முதல் சிகிச்சை சுற்றறிக்கைப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

சூடு ஏறியது. முதுகுக்குள் யாரோ தீக்குச்சியை அணைக்காமல் வைத்திருப்பதுபோல் இருந்தது. பொறுத்துக்கொண்டார். பிறகு இடது தொடையிலிருந்து பாதம்வரை சுரீரென்று ஓடியது.

"டாக்டர்! கால்ல வலி..."

"அசௌகரியம்" என்று திருத்தினார் தர அதிகாரி.

"அச... அசௌ..."

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதற்கு 'வலி' ஏற்ற சொல். அசௌகரியத்துக்கு வாயைத் திறந்து, மூச்சை நிறுத்தி, நிதானமாக ஆரம்பிக்க வேண்டும். கால் வெட்டி வெட்டி இழுக்கும்போது அவருக்கு அந்த நிதானம் வரவில்லை. "அசௌ... அசௌ..." என்று திரும்பத் திரும்ப ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

"வலின்னே சொல்லுங்க! எந்தக் கால்?" சின்ன டாக்டர் கத்திவிட்டார். சூட்டை நிறுத்தினார். கம்பியைச் சற்றே பின்னுக்கு இழுத்தார். கால் இழுப்பது நின்றது. திரும்பவும் மெதுவாகச் சூடேற்றி முடித்தார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைத் தர அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார். இயக்குநர் அதில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே சின்ன டாக்டர் பிணவறைக்கு மாற்றப்பட்டார். அங்கே யாரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் சந்தர்ப்பம் அவருக்கு வராது என்று நிர்வாகம் கருதியது.

வீட்டில் மாதக்கணக்கில் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, பெல்ட்டைக் கழற்றக்கூடாது. மனைவி வேலை பார்ப்பது ஒரு ஜெராக்ஸ் கடையில். நாள் முழுக்க மெஷின்முன் நின்றுவிட்டு வந்து, அவர் கால் நகத்தை வெட்டிவிடுவாள், கீழே விழுந்த துண்டை எடுத்துக் கொடுப்பாள். பலன் மெதுவாகத்தான் தெரியும் என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்ததால் இருவரும் காத்திருந்தார்கள். சில காலைகளில் எழுந்து உட்கார்ந்து, "ஏய், இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லபோல இருக்கே" என்பார். அவள் அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். "நிஜமாவா? எழுந்து நில்லுங்க பார்ப்போம்." நிற்பார். சிரிப்பார்கள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்கமாட்டாள். பெல்ட்டைக் கழற்றும் நாள் வருவதற்குள், தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுபரிசோதனைக்குப் போனபோது இயக்குநரே நேரில் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"அப்படியேதான் சார் இருக்கு."

"எது?"

"அந்த... அசௌகரியம்." இப்போது அவருக்கு அது சரளமாக வந்தது.

"எவ்வளவு?"

"எட்டு சார்."

"முன்னாடி வாசலுக்கு வெளியே ஒன்பது சொல்லியிருக்கீங்க. இப்ப வாசலுக்கு உள்ளேயே எட்டுதான். எவ்வளவு பெரிய முன்னேற்றம்!"

"சார், குனியவே முடியல. வேலை போயிடும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத பாருங்க. சரியாகலன்னு நீங்க சொல்றது உங்க முதுகோட சொந்தக் கருத்து. அதை நான் மதிக்கிறேன். ஆனா நிறுவனத்துக்குன்னு ஒரு கருத்து இருக்கு. நூத்துக்கு நூறு வெற்றின்னு ஏற்கெனவே அச்சாயிடுச்சு. ஒரு முதுகுக்காக அத்தனையும் திருப்பி அடிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

அச்சானது எது என்பதை மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். ஜெராக்ஸ் கடைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். டைல்ஸ்காரர் பல் தெரியச் சிரித்தபடி, வளைந்து தன் கால் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். 'நேற்று நிமிர முடியவில்லை. இன்று குனிகிறேன்!' என்று கீழே எழுதியிருந்தது. சாயங்காலம் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"தலை உங்களோடதுதான். உடம்பு யாரோடதுங்க?"

"தெரியலையே."

"கழுத்துக்கிட்ட பாருங்க, சரியாக்கூட வெட்டல. நான் செஞ்சிருந்தா இதைவிட நல்லா ஒட்டியிருப்பேன்." சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தப் படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது, பஸ்ஸின் முதுகில்கூட. மேஸ்திரியும் பார்த்தார். மறுநாள் மெஷின் பக்கத்தில் வேறொருவர் நின்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

"படத்துல அப்படி வளையுற, என் சைட்ல மட்டும் முடியாதா?" மேஸ்திரிக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "சரியானதை என்கிட்ட மறைச்சிட்டியே. இவ்வளவு நாள் உனக்கு நின்னபடி வேலை கொடுத்தேனே, அதுக்கா?"

"அது நான் இல்லண்ணே!"

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையின் ஆண்டுவிழாவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் ஏறி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். டைல்ஸ்காரர் போகமாட்டேன் என்றார்.

"போங்க" என்றாள் மனைவி. "மைக்கு கையில கொடுக்குறாங்களே. அவ்வளவு பேர் முன்னாடி உள்ளதைச் சொல்லிட்டா அப்புறம் எப்படி மறைப்பாங்க? மேஸ்திரியண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அவர் காதாலயே கேக்கட்டும்."

மேஸ்திரி முன்வரிசையில் உட்கார்ந்தார். அரங்கு நிறைந்திருந்தது. இயக்குநர், இந்த மருத்துவமனை இதுவரை ஒரு தோல்வியையும் பதிவு செய்ததில்லை என்றார். பதிவு செய்யும் வசதியே கணினியில் இல்லை என்பதையும் பெருமையோடு சேர்த்துச் சொன்னார். பிறகு டைல்ஸ்காரரை அழைத்தார். மேடைப்படிகளை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறியதை, அடக்கம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு வலி போகலைங்க."

தர அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இன்னும் வலிக்குது. குனிய முடியல. வேலை போச்சு. அந்தப் படத்துல இருக்கிற உடம்பு என்னோடது இல்ல."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. முன்வரிசையைப் பார்த்தார். மேஸ்திரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி கையைக் கூப்பியிருந்தாள்.

இயக்குநர் மெல்ல எழுந்து வந்து, டைல்ஸ்காரர் தோளில் கைபோட்டு, மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நிஜமாகவே கலங்கியிருந்தன.

"கேட்டீர்களா? 'அந்த உடம்பு என்னுடையது இல்லை' என்கிறார்! அவ்வளவு மாறிவிட்டார். தன் உடம்பைத் தனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டார். அந்தப் பழைய சொல்லைக்கூடச் சொன்னார், கவனித்தீர்களா? இன்று அதை அச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது அவரால். மறந்துபோன ஒன்றைத்தான் மனிதன் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். மேஸ்திரியும் எழுந்து நின்றார். டைல்ஸ்காரர் கீழே வந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னமா பேசிட்டே! எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே. திங்கட்கிழமை வந்துடு. பெரிய கல்யாண மண்டபம் ஒண்ணு புடிச்சிருக்கேன், தரை முழுக்க உனக்குத்தான்."

மனைவி டைல்ஸ்காரரின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

வாசலில் ஒரு பெண் அவர்களை வழிமறித்தாள். இஸ்திரி போடுகிறவள். நின்றே வேலை பார்த்து ஒரு பக்கம் சாய்ந்துபோன இடுப்பு. கையில் ஸ்கேன் கவரை வைத்திருந்தாள்.

"அண்ணே, நீங்கதானே அது? உள்ள பேசினதையெல்லாம் வெளிய ஸ்பீக்கர்ல கேட்டேன். எனக்கும் அதே டிஸ்க்குதான் அண்ணே. சூடு வச்சுக்கச் சொல்றாங்க. உங்களைப் பாத்துத்தான் வந்தேன்."

டைல்ஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தாயி, எனக்குச் சரியாகல. நான் உள்ள சொன்னதும் அதான். சிலருக்குச் சரியாகுதாம், சிலருக்கு ஆகறதில்லையாம். எனக்கு ஆகல. இவங்க அதைச் சொல்லமாட்டாங்க. நல்லா விசாரிச்சுட்டு, ரெண்டு டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணும்மா."

அவள் அவரை ஏறஇறங்கப் பார்த்தாள். கண்ணில் இருந்த வெளிச்சம் மெல்ல மாறியது.

"அவ்வளவு பேர் கை தட்டினாங்களே அண்ணே."

"தட்டினாங்கதான்..."

"அப்ப சரியாகாமயா தட்டினாங்க?" அவள் குரல் கசந்தது. "உங்களுக்கு நல்லாயிடுச்சு. இனிமே மத்தவங்க வந்து கூட்டம் போடக்கூடாது, அதானே? நல்லா இருங்கண்ணே."

ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து உள்ளே போனாள். அவர் பின்னால் ஓடத்தான் நினைத்தார். ஓடுகிற இடுப்பு அவருக்கு இல்லை. இரண்டு அடி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"'உன் புருஷன் குணமாயிட்டாரு, உனக்கு என் கஷ்டம் தெரியுமா'ன்னு கேட்டா."

இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். அங்கே உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று அவர் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுக்காவது சரியாகட்டும்" என்றார்.

மனைவி பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனாலும் ஆகலன்னாலும்" என்றாள், "படம் போட்டுடுவாங்க."